குளிரும் சுருதியும்: மலையில் ஒரு குடும்ப பேண்ட் நடத்துவது

குடும்பமாகச் சேர்ந்து வாசிப்பவர்களுக்கு மலையில் முதல் சண்டை புல்லாங்குழலுக்கும் ஆர்மோனியப் பெட்டிக்கும் நடுவில்தான் வரும். மேட்டுப்பாளையத்தில் சேர்ந்து ஒலித்த இரண்டும் கோத்தகிரியில் ஒரு டிசம்பர் மாலை சேரவே சேராது. வாசிப்பவர்மேல் பழி விழும். தப்பு அவருடையது இல்லை, காற்றுடையது.

குழலின் சுருதி உள்ளே இருக்கும் காற்றில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் அந்த வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் குறையும். 25 டிகிரியில் சுருதி பார்த்த குழலை 10 டிகிரியில் எடுத்து ஊதினால் கணக்குப்படி ஏறக்குறைய 45 செண்ட் இறங்கியிருக்கும். பெட்டியில் ஒரு கட்டைக்கும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கும் இடையே 100 செண்ட். ஆக, கிட்டத்தட்ட அரைக் கட்டையில் பாதி. பெட்டிக்குள் அதிர்ந்து ஒலிக்கும் நாக்கோ பித்தளை. அதற்குக் குளிர் பெரிய விஷயமில்லை, ஏறினால்கூட மிகக் கொஞ்சம் ஏறும். ஒன்று கீழே போகிறது, மற்றது நின்ற இடத்தில் நிற்கிறது.

உயரத்தால்தான் சுருதி இறங்குகிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது, காற்றழுத்தத்தைப் பொறுத்தது அல்ல. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். அது பாடுபவர் மூச்சை வாங்கும், குழலின் சுருதியைத் தொடாது. வெயிலடிக்கும் ஏப்ரல் மதியத்தில் அதே ஊட்டியில் குழலும் பெட்டியும் ஒழுங்காகச் சேரும்.

மூச்சுச் சூட்டில் குழல் ஓரளவு மீளும். ஆனால் பல்லவி முழுக்கப் பாட்டுக்கு விட்டுவிட்டு இடையிசையில் நுழைபவரின் குழல் அதற்குள் ஆறிவிடும். அதனால் காத்திருக்கும்போது குழலை மேசைமேல் வைக்கக் கூடாது. ஸ்வெட்டருக்குள், நெஞ்சை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே நுழைவதற்கு நான்கு ஆவர்த்தனம் முன்பே எல்லாத் துளைகளையும் மூடி, சத்தம் வராமல் உள்ளே மூச்சு விட வேண்டும். நுனியை அறுத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நுனியை அறுத்தால் கடைசிச் சுரம் மட்டும்தான் ஏறும், மற்றத் துளைகள் இருந்த இடத்திலேயே இருக்கும், குழல் வீணாகிவிடும். செய்பவரிடமே சொல்லி, வழக்கத்தைவிட 20 செண்ட் ஏற்றமாக இன்னொரு குழல் செய்து வாங்குவதுதான் வழி. எந்த டிகிரியில் சுருதி பார்த்தது என்று குழலிலேயே எழுதிவைத்தால் நல்லது.

கையில் கீபோர்டு இருந்தால் வேலை சுலபம். மொத்தச் சுருதியை மாற்றும் மாஸ்டர் டியூனை 440 ஹெர்ட்ஸிலிருந்து 436-க்கு இறக்கினால் 16 செண்ட் இறங்கும். கிட்டாரையும் டியூனரில் 436 வைத்துக் கூட்டிக்கொள்ளலாம். பெட்டியை இப்படி இறக்க முடியாது. ஆகவே குளிர் மாலைகளில் குழல் உள்ள பாட்டில் பெட்டி வேண்டாம், பெட்டி உள்ள பாட்டில் குழல் வேண்டாம். பாட்டு வரிசை எழுதும்போதே இதைப் பிரித்துவிட வேண்டும். எந்தப் பாட்டில் எது வாயை மூடிக்கொள்ளும் என்று முடிவு செய்வதுதான் பல பாணி கலந்து வாசிக்கும் பேண்டின் பெரிய வேலை என்பது என் உறுதியான கருத்து.

நீலகிரியில் பல பாணி கலப்பது யாரும் தேடிப்போய்ச் செய்வதல்ல, தானாகவே காதில் வந்து விழுவது. ஞாயிறு காலை சர்ச்சில் நான்கு குரலில் ஞானப்பாட்டு. படுகர் ஊரான ஹட்டியில் வட்டமாக நின்று ஆடும் ஆட்டப் பாட்டு. கோத்தர் ஊர்களில் கொள், கொம்பு, தப்பட்டை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்கள் கூடவே கொண்டுவந்த பைலா என்ற ஆட்டப் பாட்டு. இதற்கெல்லாம் மேல் பஸ்ஸில் ஓடும் சினிமாப் பாட்டு. பழனி மலைப் பக்கம் போனால் காவடிக்கு வாசிக்கும் நையாண்டி மேளமும் சேர்ந்துகொள்ளும். இத்தனையும் ஒரே கூடத்துக்குள் வரும்போது கார்ட் (சேர்த்து ஒலிக்கும் சுரக் கூட்டு) எங்கே இடிக்கும், தாளம் எங்கே இடிக்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

கார்ட் இடிப்பது கொள், நாகஸ்வரம் மாதிரி சீவாளி வாத்தியங்களில். அவற்றின் சுரங்கள் கீபோர்டின் பன்னிரண்டு கட்டைகளில் அப்படியே உட்காராது. முக்கியமாக மூன்றாவது சுரம், காந்தாரம், இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ நிற்கும். அப்போது கிட்டாரில் முழு மேஜர் கார்டோ மைனர் கார்டோ பிடித்தால் இரண்டில் ஒன்று அபஸ்வரமாகக் கேட்கும், பெரும்பாலும் பாவம் கொள்ளுக்குத்தான் கெட்ட பேர். காந்தாரத்தை விட்டுவிட்டு ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் வாசியுங்கள். கார்ட் மாற்றவே வேண்டாம். அடியில் ஒரே சுருதி நிற்க, மேலே சீவாளி தன் இஷ்டத்துக்குப் போகட்டும். பேஸ் கிட்டாரும் ஸட்ஜமத்தைவிட்டு அசையாமல் தாளத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

கோத்தர் இசையை எடுக்கும்போது இன்னொன்று. தெய்வத்துக்கு வாசிப்பதும் சாவுக்கு வாசிப்பதும் அவர்களிடம் தனித்தனி, ஒன்றின் இடத்தில் மற்றதை வாசிக்க மாட்டார்கள். காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று ஒரு மெட்டைப் பிடித்து ரிசார்ட் மேடையில் வாசித்தால், அது என்ன மெட்டு என்று தெரிந்தவர்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, எது ஆட்டத்துக்கானது, எதை வெளியே வாசிக்கலாம் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தாளம் இடிப்பது பைலாவிலிருந்து சினிமாப் பாட்டுக்குப் போகும்போது. பைலா ஆறு எண்ணிக்கை, தகிட தகிட. அடுத்த பாட்டு நான்கு. இரண்டையும் ஒட்டவைக்கப் பலர் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். தேவையில்லை. கைத்தட்டை மாற்றாதீர்கள், ஒரு தட்டுக்குள் மூன்றாக இருந்ததை நான்காக்குங்கள், தகிட போய் தகதிமி. பறை இரண்டு சுற்று தகதிமி வாசித்த பிறகு கிட்டார் மாறட்டும், அதற்குப் பிறகு பாட்டு வரட்டும். மூன்று பேரும் ஒரே இடத்தில் மாற முயன்றால்தான் தடுக்கும். படுகர் ஆட்டப் பாட்டில் வேகத்தை முடிவு செய்வது ஆடுபவர்களின் கால். அங்கே மெட்ரோனோம் வைத்துப் பழகியவர் தலையைத் தூக்கிக் காலைப் பார்க்கப் பழக வேண்டும்.

குரல்கள். ஒரே குடும்பத்துக் குரல்கள் சேரும் அழகு தனி. ‘அ’வையும் ‘எ’வையும் எல்லாரும் ஒரே மாதிரி வாய் திறந்து சொல்கிறார்கள், அதனால்தான். கஷ்டம் கட்டையில், அதாவது அவரவர் பாடும் சுருதியில் வரும். அம்மாவுக்கு ஐந்தரைக் கட்டை, அப்பாவுக்கு ஒன்றரைக் கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டை மாறி மாறிப் பாடினால் ஒருவர் கத்த வேண்டும், இல்லையென்றால் இன்னொருவர் முனக வேண்டும். அம்மாவின் கட்டையிலேயே பாட்டை வைத்து, அப்பா அதன் மத்யமத்தை ஸட்ஜமமாகக் கொண்டு பாடும் சரணம் ஒன்று அமைத்தால் ஐந்தரையில் ஒன்றரைக் கட்டை கிடைத்துவிடும். கிட்டாருக்குச் சுருதி ஏற்றும் கவ்வியான கேப்போவைக் கழற்றி மாட்டும் வேலையும் இல்லை.

பையனுக்குக் குரல் உடையும் வயதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டை பார்க்க வேண்டும். போன கிறிஸ்துமஸுக்கு ஆறு கட்டையில் பாடியவன் இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒன்றில் நிற்கலாம். நடுவில் சில மாதம் எதிலும் நிற்க மாட்டான். அந்த மாதங்களில் அவனைத் தனிப்பாட்டுக்கு நிறுத்தாதீர்கள், மேல் சுரத்துக்கு எட்டிப் பாடச் சொல்லாதீர்கள். பறையோ பேஸோ கையில் கொடுங்கள்.

தோல் வாத்தியம்தான் மலையில் அதிகம் படுத்தும். மேகம் உள்ளே இறங்கிய கால் மணி நேரத்தில் பறை தொய்ந்துவிடும். சமவெளியில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள், இங்கே வைக்கோல் கிடைப்பது அரிது. தைல மர இலை குபீரென்று எரிந்து அடங்கிவிடும், புகையும் கண்ணைப் பிடுங்கும். தேயிலைக் கவாத்துக் குச்சி காய்ந்தது கிடைத்தால் அதுதான் நல்லது, நிதானமாக எரியும், சீராகச் சூடு தரும். தீயிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, தோலை நேரே காட்டாமல் சற்றுச் சாய்த்துப் பிடித்து, வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் விரலால் தட்டினால் முதலில் ‘தொப்’ என்று கேட்கும், பிறகு ‘தும்’, பிறகு ‘டங்’. டங் வந்த பிறகு விளிம்பைத் தட்டிப் பாருங்கள். விளிம்பும் ‘ணங்’ என்று பதில் சொன்னால் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் காட்டினால் சட்டத்தில் ஒட்டிய இடத்தில் தோல் பிளக்கும், பிளந்தால் வேறு தோல்தான். புறங்கையைத் தோலுக்குப் பின்னால் வைத்தால் சூடு தாங்கும்படி இருக்க வேண்டும். தாங்க முடியவில்லை என்றால் தீக்கு மிகக் கிட்டே பிடித்திருக்கிறீர்கள்.

மேடைக்கு இரண்டு பறை வேண்டும். ஒன்று வாசிப்பில் இருக்க, மற்றது தீயோரம் காய வேண்டும். மழை நாளுக்கு ஃபைபர் தோல் போட்ட ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம், அதன் நாதம் மெலிவுதான், ஆனாலும் தொய்வதில்லை. மண்டபத்துக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள். அங்கே 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை மரப்பெட்டிக்குள் எரியவிட்டு, ஒரு கை இடைவெளி விட்டு மேலே வைத்தால் ஓரளவு விறைப்பு நிற்கும்.

கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் பிடிக்கும். மழை மாதங்களில் மலை வீட்டுக்குள் 90-ஐத் தொடும். மேல் பலகை ஊதி, பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும், தந்தி விரலுக்கு எட்டாமல் உயரும். உறைக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்றும், துணிப் பையில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லும் போடுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது நிறைந்தது என்று தெரியும். நிறைந்ததும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். ஜெல் குறைவாக இருந்து தினமும் உறையைத் திறந்து திறந்து மூடினால் பயனில்லை. சூடான கூடத்திலிருந்து வெளியே மேடைக்குக் கொண்டுபோனால் எஃகுத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும். அரை மணி முன்பே வெளியே வைத்துவிட்டு அப்புறம் கூட்டுங்கள்.

ஆர்மோனியப் பெட்டியில் ஒரு சுரம் மட்டும் ஊமையானால் பெரும்பாலும் நாக்குக்கும் தகட்டுக்கும் இடையே களிம்போ தூசியோ இருக்கும். மெல்லிய தாளை இடுக்கில் விட்டு மெதுவாக இழுத்தால் வந்துவிடும். எண்ணெய் விடவே கூடாது, தூசியை அதுவே பிடித்துவைக்கும். சுருதி இறங்கியிருந்தால் நாக்கின் நுனியை மிக லேசாகச் சுரண்ட ஏறும், ஏறியிருந்தால் அடிப்பக்கம் சுரண்ட இறங்கும். இரண்டு சுரண்டலுக்கு ஒருமுறை நிறுத்திக் கேளுங்கள், சுரண்டியது திரும்ப ஒட்டாது.

பதிவு செய்ய வருவோம். மலை வீடுகளின் தகரக் கூரைதான் இங்கே எதிரி. கூடலூர், தேவாலாப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பேசும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர். எல்லாருக்கும் பொதுவாகக் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச். அப்போதும் நேரம் பார்க்க வேண்டும். காலை வெயில் பட்டதும் தகரம் விரிந்து டிக் டிக்கென்று வெடிக்கும், மாலையில் சுருங்கும்போது மறுபடி அதே சத்தம். கண்டன்சர் மைக் அதைத் தவறாமல் பிடிக்கும். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான் அமைதி. முட்டை அட்டை ஒட்டுவதும் தெர்மோகோல் அடிப்பதும் வெளிச்சத்தத்தைத் தடுக்காது, தடுப்பது கனம்தான். கூடத்தின் எதிரொலியைக் குறைக்க பஞ்சு மெத்தை இரண்டையும் கம்பளி நான்கையும் பாடுபவருக்குப் பின்னால் தொங்கவிட்டால் போதும்.

குடும்ப பேண்டைத் தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டுவதைவிட, அரைவட்டமாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்வதுதான் என் விருப்பம். மைக்குக்கும் வாய்க்கும் 20 செ.மீ. என்றால் அடுத்த மைக் 60 செ.மீ.க்கு அப்பால் இருக்கட்டும், ஒன்றுக்கு மூன்று என்பது கணக்கு. பறையை அடுத்த அறையில், கதவு பாதி திறந்து, முகம் தெரியும்படி வையுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். பதிவாகும் ஒலி அளவு மைனஸ் 18 டெசிபலைச் சுற்றி நின்று, உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே குரல் மட்டும் சேர்க்கும்போது கணினி ஒலியைச் சேர்த்துவைக்கும் பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்குங்கள், தாமதம் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிநொடிதான் இருக்கும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் பாதி இரைச்சல் அப்போதே போய்விடும். குளிரில் வந்த மைக்கைச் சூடான அறையில் உடனே பெட்டியைத் திறந்து எடுக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துச் சடசடக்கும். ஒரு மணி நேரம் மூடியபடி கிடக்கட்டும்.

மேடையில் எல்லாவற்றுக்கும் முன் எர்த். பாறை நிலத்தில் எர்த் சரியாக இறங்காது. மைக்செட்காரர் ஆயிரம் சொல்லட்டும், மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரிசெய்யும்வரை யாரும் எதையும் தொட வேண்டாம். கிட்டார் தந்தி ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தது, மைக் மிக்ஸரின் எர்த்தோடு சேர்ந்தது. இரண்டும் வேறு வேறு போர்டிலிருந்து வந்தால், தந்தியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்கும் பிள்ளை வழியாகத்தான் மின்சாரம் போகும். ஆம்ப்பையும் மிக்ஸரையும் ஒரே போர்டில் மாட்டுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றைச் சொந்தமாக வாங்கி எல்லா ஊருக்கும் எடுத்துப்போங்கள். நனைந்த மேடையில் இது இல்லாமல் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

பிள்ளைகள் காசுக்கு வாசித்தால் சட்டமும் உண்டு. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள கலைஞர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அந்தப் பிள்ளை பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். நம் பிள்ளைதானே என்று விட்டுவிடக் கூடாது. ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கவும் விடாதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான் தாங்கும்.

உரிமை விஷயத்தில் கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு வாசிக்க விலக்கு இருக்கிறது. அதையே பதிவு செய்து வெளியிட விலக்கு இல்லை, உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். சொந்தப் பாட்டு என்றால் யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை பங்கு என்று பதிவு செய்யும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ஊராரிடம் கேட்டு எழுதிய பாட்டுக்கு அந்த ஊரின் பெயரும் பாடிக்காட்டியவர் பெயரும் வர வேண்டும். 1927-இல் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலையிலிருந்து இறங்கி பிரிஸ்டலில் பதிவு செய்த கார்ட்டர் குடும்பம் இன்றைக்கும் குடும்ப பேண்டுகளுக்கு முன்மாதிரி. மேபெல் கார்ட்டர் கட்டைவிரலால் கீழ்த் தந்திகளில் மெட்டும் மற்ற விரலால் தாளமும் வாசித்து ஒரே கிட்டாரை இரண்டாக்கிய முறையை, ஆள் குறைந்த எந்தக் குடும்பமும் இன்றே பழகலாம். ஆனால் ஏ.பி. கார்ட்டர் மலைக்குடிகளிடம் பாட்டுச் சேகரித்தபோது கூடவே அலைந்து மெட்டுகளை மனத்தில் பிடித்துவந்த கறுப்பின இசைஞர் லெஸ்லி ரிடிலின் பெயர் அந்த இசைத்தட்டுகளில் இல்லை. அந்தப் பிழை நம் மலையில் நடக்க வேண்டாம்.

வெளியூர் நிகழ்ச்சிக்கு நேரக் கணக்கு போடும்போது, கூடலூரிலிருந்து மைசூர் போய்த் திரும்புபவர்களுக்குப் பந்திப்பூரில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வண்டி விடமாட்டார்கள். ஏழு மணிக்குள் மேடையை விட்டு இறங்க முடியாது என்றால் அங்கேயே தங்குவதாக முதலிலேயே பேசி, அதற்கும் சேர்த்துக் கூலி கேளுங்கள். மேட்டுப்பாளையம் ஏற்றத்தில் கொண்டைஊசி வளைவுகளில் பெட்டியும் ஸ்பீக்கரும் சரியும், கனமானதைக் கீழே குறுக்காகக் கட்டி, பறையையும் கிட்டாரையும் மேலே போர்வைக்கு நடுவில் வையுங்கள். வீடு வந்து சேரும்போது நள்ளிரவாகியிருக்கும், எல்லாம் சில்லிட்டுப் போயிருக்கும். எதையும் திறக்காமல் அடுப்பில்லாத அறையில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் வெயில் வந்து கூடம் சூடான பிறகு முதலில் பறையை எடுத்துத் துடையுங்கள், பெட்டியைக் கடைசியாகத் திறக்கலாம்.